எம்பெருமானார் காட்டிய தியானம்

ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் தியானம் உண்டோ, அது யோகிகளுக்கே உரியதன்றோ என்று வினவும் அன்பர்கள் உண்டு. நம் ஆசார்ய பரம்பரையில் நாதமுனிகள் அஷ்டாங்க யோகத்தில் தேர்ந்தவர். அதனை அவரிடம் பெற்றவர் குருகைக்காவலப்பன். அவரிடம் ஆளவந்தார் யோகம் பயிலச் சென்றபோது ஒரு நாள் குறிக்கப்பட்டதென்றும், ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருக்கையில் அந்நாள் கடந்துவிட்டதென்றும் குருபரம்பரை கூறும். அந்த யோகமுறை அவ்வாறு நம்மை வந்தடையாது போயிற்று; தியானம் போய்விடவில்லை. அதனை ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டியவர், 1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்துக் காஞ்சியில் துறவு பூண்ட எம்பெருமானார்.

எண்ணெய் ஒழுகும்போது அதன் தாரை அறுவதில்லை. அவ்வாறு இடையறாது ஓடும் நினைவே தியானம் என்றும், அது நேரில் காண்பதற்கு நிகரான தெளிவும் அன்பும் பெற்ற நிலையே பக்தி என்றும் அவர் நிர்ணயித்தார். சரணாகதி செய்தவர்க்கு இது உபாயமன்று. ஆயினும் இதைவிட இனிய காலக்ஷேபம் அவர்க்கு வேறு ஏது?

இந்நினைவு கைகூடுதற்கு வாக்யகாரர் கூறிய ஏழு ஸாதனங்களை ஸ்ரீபாஷ்யகாரர் எடுத்துக்காட்டுகிறார். முதலாவது விவேகம், அதாவது, உண்ணும் உணவின் தூய்மை. மூச்சைப் பற்றிப் பேசுமுன் அடுக்களையைப் பற்றிப் பேசியது கவனிக்கத்தக்கது. அடுத்து, ஆசையில் பற்றின்மையாகிய விமோகம். திரும்பத் திரும்ப நினைத்தலாகிய அப்யாஸம். ஐந்து மகாயஜ்ஞங்களை இயன்ற அளவு செய்தலாகிய க்ரியை. ஸத்யம், நேர்மை, தயை, தானம் முதலியவை அடங்கிய கல்யாணம்.

ஆறாவது அநவஸாதம். நம்மவர்க்கு இன்று மிகவும் வேண்டுவது இதுவே. துன்பங்களை நினைந்து நினைந்து மனம் சோர்ந்து ஒளியிழத்தல் அவஸாதம்; அஃதின்மை அநவஸாதம். "மனம் நிற்கவில்லையே, எனக்கு இது வாராது" என்று வருந்தி, தியானத்தையே கைவிடுவோர் பலர். மனம் அலைவது அப்யாஸத்தால் தீரும். அதற்காகச் சோர்ந்து அமர்வதோ தனியே ஓர் இடையூறு. இதற்கு எதிரான அளவுகடந்த களிப்பும் ஆகாது என்பது ஏழாவதாகிய அநுத்தர்ஷம். இரண்டு நாள் மனம் ஒன்றியதும் ஸித்தி பெற்றதாக எண்ணுவோர்க்கு இது பொருந்தும்.

அமர்ந்து தியானிக்க வேண்டும் என்கிறது ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்தியாயம். இடமும் காலமுமோ, மனம் எங்கே ஒருமைப்படுமோ அதுவே தகுந்தது; ஆயுள் முடியுமளவும் செய்யத்தக்கது.

அமரும் வேளை முடிந்ததும் நினைவை நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் கோயில் நிர்வாகம், காலக்ஷேபம், சிஷ்யர் திரள் எனப் பல பொறுப்புகள் எம்பெருமானார்க்கு இருந்தன. அவர் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது திருப்பாவையை அநுஸந்தித்துக்கொண்டே நடப்பார். ஒரு நாள், நப்பின்னைப் பிராட்டியை வளையொலிக்கக் கதவு திறக்குமாறு வேண்டும் பாசுரத்தில் அவர் திருவுள்ளம் தோய்ந்திருக்க, ஆசார்யர் ஒருவரின் திருமாளிகைக் கதவு திறந்தது. வளையொலியுடன் வந்து நின்ற ஆசார்யரின் திருமகளாரை நப்பின்னைப் பிராட்டியாகவே கண்டு, வாசலிலேயே விழுந்து ஸேவித்தார். செய்தி கேட்ட ஆசார்யர், எந்தப் பாசுரம் அப்போது அவர் நெஞ்சில் இருந்தது என்பதை உடனே அறிந்துகொண்டார். திருப்பாவை ஜீயர் என்பது எம்பெருமானார்க்கு வழங்கும் திருநாமங்களுள் ஒன்று.