கல்யாண வீட்டுக்கு வெளிச்சம் கொண்டு போவோம்



ஒரகடம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் வந்திருந்தாள். ஆலையில் ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருக்கிறாள். "கல்யாண போட்டோ எடுக்கப் போறேன். கேமரா வாங்க அம்மாவுக்குக் கடன் குடுங்க" என்று கேட்டாள். அவள் எடுத்த படங்களைப் பார்த்தோம். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம் முடிந்து, வெளியே உச்சி வெயிலில் நிற்கிற பொண்ணு மாப்பிள்ளை. கண் இருக்கிற இடத்தில் கருப்பாகக் குழி. ஒரு வயசான அம்மா பட்டென்று சொன்னாங்க: "கேமரா கெடக்கட்டும்டி, மொகத்துல வெளிச்சம் இல்லையே!"

அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

ஏன் இந்தத் தொழில்?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அதில் பெண்கள் நிறைய. ஆலை வரும், போகும். கையில் கற்ற தொழில் கூடவே இருக்கும். "பொம்பளைக்கு கேமராவா?" என்று கேட்பார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா (1913–2012) அந்தக் காலத்திலேயே சேலை கட்டிக்கொண்டு கனமான கேமராவைத் தூக்கிப் போய்ப் படம் எடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

வெயில் இருக்கே, லைட் எதுக்கு?

உச்சி வெயில் மேலிருந்து நேராக விழுகிறது. புருவமும் மூக்கும் நிழல் தட்டும். அதனால் மரத்தடிக்கோ தாழ்வாரத்துக்கோ கூட்டிப் போங்க. பக்கத்தில் வெள்ளை தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் வெளிச்சம் முகத்தில் திரும்பி விழும். இதுதான் ரொம்ப மலிவான லைட்.

அதுக்கு மேலே வேணும்னா, பேட்டரியில் ஓடும் பிளாஷ், ஒரு ஸ்டாண்ட், ஒரு வெள்ளைக் குடை, கேமராவிலிருந்து பிளாஷுக்குச் சொல்லும் டிரிக்கர். எல்லாம் ஒரு பையில் அடங்கும், பஸ்ஸில் கொண்டு போகலாம். கரண்ட் போனாலும் கவலை இல்லை. மண்டபத்தில் ஒயர் தடுக்கி யாரும் விழ மாட்டார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. சின்ன லைட் கூர்மையான நிழல் போடும். குடை வழியாக வந்தால் வெளிச்சம் பரந்து மெத்தென்று விழும்.

2. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதி ஆகாது, கால் பங்காகிவிடும். 1 மீட்டரில் இருப்பதை 2 மீட்டருக்குத் தள்ளினால் 4-ல் 1 பங்குதான். அதனால் தனிப்படத்துக்கு லைட்டைக் கிட்டே வைங்க. குரூப் போட்டோவுக்குத் தள்ளி வைங்க. இல்லாவிட்டால் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை இருட்டாகும்.

3. முகத்துக்கு நேரே வைக்காமல், ஒரு பக்கமாக, தலைக்குக் கொஞ்சம் மேலே வைங்க. நேரே அடித்தால் ஜரிகையும் நகையும் மூக்குக் கண்ணாடியும் பளிச்சென்று திருப்பி அடிக்கும்.

4. மண்டபத்து மஞ்சள் பல்பும் பிளாஷின் வெள்ளை வெளிச்சமும் கலந்தால் முகம் ஒரு நிறம், பின்னாடி ஒரு நிறமாகத் தெரியும். பிளாஷில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டினால் இரண்டும் ஒத்துப் போகும்.

5. எல்.இ.டி. லைட்டில் நிழல் எங்கே விழுகிறது என்று முன்னாலேயே தெரியும், வீடியோவுக்கும் ஆகும். ஆனால் வெயிலில் எடுபடாது. அங்கே பிளாஷ்தான்.

6. ஸ்டாண்ட் காலில் மணல் பையைக் கட்டுங்க. காற்றில் குடை சாய்ந்தால் குழந்தைகள் மேல் விழும்.

இன்னொன்று. மாநிறத்தையும் கறுப்பு நிறத்தையும் வெளுத்துக் காட்டாதீங்க. பொண்ணு எப்படி இருக்காளோ அப்படியே அழகாகத் தெரிய வைக்கிறதுதான் தொழில்.

கடன் வாங்கும் முன்

முதலில் கற்றுக்கொள்ளுங்க. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். போட்டோ, வீடியோ பயிற்சி எப்போது என்று உங்கள் மாவட்ட நிலையத்தில் கேளுங்க. கேமராவை முதல் சில கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுங்க.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆனால் தவணை மாதா மாதம் வரும். வைகாசியில், ஆவணியில் வருவதில் ஒரு பங்கை அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வைக்கணும். முன்பணம் வாங்காமல் கிளம்பாதீங்க. முகூர்த்தம் விடியற்காலை என்றால் இரண்டு பேராகப் போங்க.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு? கேமராவுக்குக் கடன் அன்னிக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் அழுதாள். அடுத்த கல்யாணத்துக்கு வாடகைக் கேமராவோடு போனாள். அம்மா தெர்மாகோல் பிடித்தார். அந்தப் படத்தைக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தாள். கண் இரண்டும் தெரிந்தது. பிளாஷும் குடையும் வாங்கச் சின்னக் கடனுக்குக் குழு தீர்மானம் போட்டது. முதலில் கை தூக்கினது அந்த வயசான அம்மாதான்.

குழுவில் பேசுங்கள்:
• நம் குழுவில் எந்தத் தொழிலுக்கு எந்த மாதம் வருமானம் இருக்காது?
• பொருள் வாங்கக் கடன் கொடுக்கும் முன், தொழில் தெரியுமா என்று கேட்கிறோமா?