அம்மா இல்லாத ஒரு நாளை எழுது

அன்புள்ள பிள்ளை,

18 வயதானதும் தனி பிளாட் எடுத்துக்கொண்டு படிக்கப்போக ஆசை என்று எழுதியிருந்தாய். அம்மா அழுகிறா என்றும் எழுதியிருந்தாய். அம்மாவோடு நான் கதைக்கிறேன். நீ இப்போதே கவுன்சிலுக்கு எழுதி, உன் பராமரிப்புத் தேவைகளுக்கான அசெஸ்மென்ட் கேள். பிறந்தநாள் வரட்டும் என்று காத்திராதே. வயது வந்தபின் தேவைப்படும் உதவியை முன்கூட்டியே மதிப்பிட இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் இடமுண்டு.

அதற்காக சோசல் வேர்க்கர் வீட்டுக்கு வருவார். அம்மா தேநீர் வைத்துவிட்டு, "ஒரு கஷ்டமும் இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பா. நீயும் வெட்கத்தில் தலையாட்டுவாய். நம்மவர் வீடுகளில் பிள்ளைகளுக்கு வரவேண்டிய உதவி இந்த ஒரு வசனத்தால் நின்றுபோவதைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. வீட்டார் செய்யும் உதவியை ஒதுக்கிவைத்துத்தான் உன் தேவையைக் கணக்கிட வேண்டும், அதுதான் விதி. ஆகவே அம்மா வீட்டில் இல்லாத ஒரு நாளை, காலையிலிருந்து இரவுவரை எழுதிவை. இரவில் உன்னைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? கழிவறைக்குப் போக எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருப்பாய்? நல்ல நாளை எழுதாதே, உடம்பு முடியாத நாளை எழுது.

உடுப்பை நீயே போடுகிறாய்தான். ஆனால் அதற்குள் காலைப்பொழுது போய்விடுகிறது, தோள்வலியில் பிறகு பேனா பிடிக்க ஏலாது. சட்டத்தின் கணக்கில் அதுவும் இயலாமைதான். தனியே செய்யும்போது மிகுந்த வலியோ பதற்றமோ ஆபத்தோ வந்தாலும், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தாலும் அப்படியே கொள்ளவேண்டும். விதிகளில் சொல்லப்பட்ட 10 விடயங்களில் இரண்டிலாவது இந்த நிலை இருந்து, உன் நல்வாழ்வு பெரிதாகப் பாதிக்கப்பட்டால் நீ தகுதியுடையவள். குளிப்பதும் சாப்பிடுவதும் போலவே படிப்பும் வேலையும் சிநேகிதரோடு பழகுவதும் அந்தப் பத்துக்குள் வரும். அவற்றையும் கூச்சப்படாமல் கேள்.

உதவியைக் காசாகவே வாங்கி உதவியாளரை நீயே தெரிந்தெடுக்கலாம். டைரக்ட் பேமென்ட் என்பார்கள். ஹாம்ஷயரில் லே கோர்ட் என்ற மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் இருந்த ஜோன் எவன்ஸும் தோழர்களும் 1980களின் தொடக்கத்தில், உதவியாளர்களைத் தாங்களே அமர்த்திக்கொண்டு வெளியே வாழப் போராடி வென்றார்கள். அப்போது கவுன்சில் அவர்கள் கையில் காசு கொடுக்கச் சட்டம் விடவில்லை. அதற்கு 1996இல்தான் புதிய சட்டம் வந்தது. காசை வாங்கி உதவியாளரை நீயே நேரடியாக அமர்த்தினால் நீ முதலாளி: சம்பளம், விடுமுறைப் பணம், காப்புறுதி எல்லாம் உன் பொறுப்பு. அம்மாவையே சம்பளத்துக்கு வைக்கலாமா என்று சித்தப்பா கேட்டார். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு வழக்கத்தில் அனுமதியில்லை. கவுன்சில் அவசியமென ஏற்றால்தான் முடியும்.

உதவிக்குக் கவுன்சில் கட்டணம் கேட்கலாம். 18க்குப் பிறகு அப்பாவின் சம்பளத்தைப் பார்க்க முடியாது, உன் வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு. நாளை நீ உழைக்கும் சம்பளத்தையும் அதில் சேர்க்கக்கூடாது.

உதவியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். முதலில் கவுன்சிலுக்கே முறைப்பாடு. தீராவிட்டால் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணமில்லை. அம்மா இல்லாத அந்த நாளைப் பற்றி எழுதியதில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு; அசெஸ்மென்ட் அன்று பக்கத்தில் இருக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
மாமி