பயிற்சி ஆசிரியர் வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்

கல்லூரிக் கடிதத்தோடு பி.எட். மாணவி ஒருவர் பள்ளிக்கு வந்ததும் பல இடங்களில் நடப்பது இதுதான்: விடுப்பில் போன ஆசிரியர்களின் வகுப்பெல்லாம் அவர் தலையில் விழும். மீதி நேரத்தில் விடைத்தாள் திருத்த வேண்டும், எமிஸ் பதிவுக்கு உதவ வேண்டும். கடைசி வாரத்தில் பதிவேடுகளில் மொத்தமாகக் கையெழுத்து. இது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, அதில் 20 வாரங்களைப் பள்ளிக்கு ஒதுக்கின. அவர் தொழில் கற்கும் காலம் அது. கற்றுத்தர வேண்டியவர் வழிகாட்டி ஆசிரியரான நீங்கள்.

முதல் நாளே அறிமுகத்தைச் சரியாகச் செய்யுங்கள். "ட்ரெயினிங் வந்திருக்காங்க" என்றால் பிள்ளைகள் அவரை விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். "இனிமே இவங்களும் உங்க கணக்கு டீச்சர்" என்று சொல்லுங்கள். முதல் வாரம் உங்கள் வகுப்பை அவர் கவனிக்கட்டும். சும்மா உட்கார வைக்காமல் ஒரு வேலை கொடுங்கள்: இந்த பீரியடில் ஒருமுறைகூட வாய் திறக்காத பிள்ளைகள் யார் யார்?

பாடக்குறிப்பை முந்தைய நாளே வாங்கிப் பாருங்கள். கட்டம் போட்டு அழகாக எழுதியிருப்பார். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பிள்ளைங்க எந்த இடத்துல தடுமாறுவாங்க?"

உதாரணமாக, ஆறாம் வகுப்பில் அவர் பின்னம் எடுக்கிறார். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்கிறார். "1/4, மிஸ்" என்கிறான் ஒரு பையன். "தப்பு, அடுத்து நீ சொல்லு" என்று நகர்ந்துவிடுகிறார். மூன்றைவிட நான்கு பெரிது, அதனால் 1/4-தான் பெரிது என்ற எண்ணம் அவன் தலையில் அப்படியே இருக்கிறது. "ஏன்டா அப்படிச் சொல்ற?" என்று கேட்டிருந்தால் அது வெளியே வந்திருக்கும், அதே எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் தெளிந்திருக்கும். கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தலின்போது சக மாணவிகள்தான் பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு விடை தெரியும். தவறான விடையைக் கையாளும் பழக்கம் அங்கே வராது, உங்கள் வகுப்பில்தான் வரும்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கவும் பழக்குங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே ஆய்வில் காட்டினார்.

நடுவில் எழுந்து பாடத்தைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அதன்பின் வகுப்பு அவருக்கு அடங்காது. கரும்பலகையில் தவறு இருந்தால், "டீச்சர், மூணாவது வரியை ஒரு தடவை பாத்துக்குங்க" என்றால் போதும்.

பாடம் பற்றிய பேச்சு அன்றே நடக்க வேண்டும், ஆசிரியர் அறைக் கூட்டத்தில் வேண்டாம். அவரை முதலில் பேச விடுங்கள். பிறகு நீங்கள் குறித்துவைத்ததைக் காட்டுங்கள்: யார் என்ன சொன்னார்கள், அவர் அதற்கு என்ன செய்தார். பத்துக் குறை கண்ணில் பட்டாலும் நாளைக்குத் திருத்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "நல்லா எடுத்தீங்கம்மா" என்று முடித்துவிடுவதில் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். உங்கள் பாடவேளையைத்தானே அவர் எடுக்கிறார், அந்த நேரம் உங்களிடம் இருக்கிறது. அதில் உங்களை வேறு வகுப்புக்கு அனுப்பாமல் இருக்கத் தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி வையுங்கள். உட்கார்ந்து பார்க்காத பாடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.