தாத்தாவின் நாயனம்: வயதை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா கோயில் நாகஸ்வரக் கலைஞர். அவர் வாசித்த நாயனம் அவருக்குப் பிறகு அப்பாவிடம் இருந்தது. அப்பா இரண்டு மாதங்களுக்கு முன்பு காலமாகிவிட்டார். எங்கள் தலைமுறையில் யாரும் வாசிப்பதில்லை. சென்னையில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவர், ஜெர்மனியில் உள்ள ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்புவதற்காக நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். "150 வருடம் பழையது என்று ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வாத்தியம் நல்ல நீளம், கறுத்த மரம், அடியில் பித்தளை அனசு. சீவாளிகள் கோத்த கயிற்றில் தந்தத்தில் செய்த ஊசி ஒன்றும் தொங்குகிறது. கடிதம் கொடுக்கலாமா? என் தங்கைக்கும் இதில் பங்கு உண்டா?
- வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: கடிதம் கொடுக்காதீர்கள். அந்த ஒரு தாளால் உங்களுக்கு இரண்டு பக்கமும் வில்லங்கம். வாத்தியம் உண்மையிலேயே அவ்வளவு பழையது என்றால், அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். அவ்வளவு பழையது இல்லை என்றால், இல்லாத வயதைச் சொல்லி விற்றவர் ஆவீர்கள். இரண்டிலும் கையெழுத்து உங்களுடையது, வியாபாரியுடையது அல்ல.

முதல் பக்கத்தைப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, கைவினைத் திறனால் உருவான ஒரு பொருள் 100 ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்து வந்தால் அது தொல்பொருள். சிலைக்கும் ஓவியத்துக்கும் மட்டுமல்ல, ஆசாரி கடைந்த வாத்தியத்துக்கும் இது பொருந்தும். தொல்பொருளை மத்திய அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது என்கிறது பிரிவு 3. மீறினாலோ, மீற முயன்றாலோ பிரிவு 25-இன்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, கூடவே அபராதம். "150 வருடம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்த கடிதம் சுங்கத் துறையின் கையில் சிக்கினால், அதைவிட வலுவான சாட்சியம் அவர்களுக்குத் தேவைப்படாது. உள்நாட்டில் விற்பதற்கு இந்தத் தடை இல்லை. குடும்பச் சொத்தை ஒரு முறை விற்பது வியாபாரம் ஆகாது. ஆனால் தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்குப் பிரிவு 5-இன்கீழ் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி வாத்தியத்தின் வயது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவரை, 150 வருடம் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. பழைய நாளில் பெரும்பாலும் புழங்கியது திமிரி. அது குட்டையானது, சுருதி அதிகம். இன்று கச்சேரியிலும் கோயிலிலும் நாம் பார்க்கும் நீளமான பாரி நாகஸ்வரம், டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கையில் உருவெடுத்தது. ராஜரத்தினம் பிள்ளை பிறந்ததே 1898-இல், மறைந்தது 1956-இல். உங்களிடம் இருப்பது அந்த அமைப்பிலான பாரி என்றால் 150 ஆண்டுக்கு வழியே இல்லை. 100 ஆண்டைத் தொடுவதுகூடக் கடினம். இது உங்களுக்கு நல்ல செய்திதான், ஏனென்றால் 100 ஆண்டு ஆகாத வாத்தியத்தை இந்தச் சட்டம் தடுக்காது. திமிரி என்றால் கவனம் வேண்டும். அதை வைத்தும் உடனே பழையது என்று முடிவுகட்ட முடியாது. பாரி வந்த பிறகும் திமிரி செய்தார்கள்.

வயது பார்ப்பவர்கள் தவறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வியாபாரி அவற்றைத்தான் ஆதாரமாகக் காட்டுவார். சீவாளி நாணலில் செய்வது, தேயத் தேய மாற்றுவது. அது வயதைப் பற்றி எதுவும் சொல்லாது. அனசு கழற்றி மாட்டக்கூடியது. அதில் ஒரு வருடமோ பெயரோ வெட்டியிருந்தால் அது அந்த அனசுக்கு மட்டுமே சாட்சி. மரக் குழலான உலவு வேறு காலத்தது ஆகலாம். கீழே உள்ள பிரம்மஸ்வரத் துளைகளில் அடைத்திருக்கும் மெழுகு நேற்று வைத்ததாகவும் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி மரம். நாகஸ்வரத்துக்கு ஆசாரிகள் தேடுவது நன்றாகக் காய்ந்த பழைய ஆச்சா மரத்தை. இடித்த வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் வாங்கி வந்து கடைவார்கள். 1960-இல் கடைந்த நாயனத்தின் மரம் 1850-இல் வெட்டியதாக இருக்க முடியும். பரிசோதனைக் கூடத்தில் மரத்தின் வயதைக் கணித்துக் காட்டினாலும் சட்டத்துக்கு அது போதாது. கைவினைப் பொருளாக அது எப்போது உருவானது என்பதுதான் கேள்வி.

உங்களுக்கு உதவக்கூடியது காகிதம். தாத்தா வாத்தியத்தோடு நிற்கும் புகைப்படம், ஆசாரிக்குப் பணம் கொடுத்த ரசீது, கோயில் கணக்கில் உள்ள குறிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். 30 ஆண்டு கடந்த ஆவணம் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். நரசிங்கம்பேட்டையிலேயே ஒரு ஆசாரியிடம் காட்டுங்கள். துளையின் உட்புறத்தையும் கடைசல் தடத்தையும் பார்த்து அவர் சொல்லும் கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் இறுதித் தீர்ப்பு அவருடையது அல்ல. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், பிரிவு 24-இன்படி இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ சொல்வதே முடிவு. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றை முதலில் அந்தத் துறையிடம் வாங்குங்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது.

இரண்டாவது பக்கம்: பொய்யான வயது. பொருளை இன்னது என்று வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. பொருந்தாவிட்டால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், நஷ்டஈடும் கோரலாம். தெரிந்தே பொய் சொன்னீர்கள் என்று நிரூபணமானால் ஒப்பந்தச் சட்டப்படி அது மோசடி. நடுவில் கமிஷன் வாங்கிய வியாபாரி அப்போது உங்கள் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தச் சின்ன ஊசி. சீவாளியைச் சரிசெய்யக் கலைஞர்கள் வைத்துக்கொள்ளும் சாதாரணக் கருவிதான். தாத்தா அதை வாங்கிய நாளில் அது குற்றமாகவும் இருந்திருக்காது. ஆனால் தந்த வாணிகத்தை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் தடுத்தது. இறக்குமதித் தந்தத்தையும் 1991-இல் சேர்த்துவிட்டார்கள். எவ்வளவு பழையதானாலும், எவ்வளவு சிறியதானாலும் அந்த ஊசியை விற்க முடியாது. வாத்தியத்தோடு 'இலவசமாக' போகிறது என்று சொல்வதும் எடுபடாது. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகும்.

முதலில் அது தந்தம்தானா என்று பாருங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் கறுப்பாகப் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஊசி அளவுக்கு மெலிந்ததில் அந்தக் கோடு தெரியாமலும் போகலாம். சூடு வைத்தோ சுரண்டியோ பார்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் தந்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரையாக வந்த தந்தப் பொருளை வைத்திருக்க வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 40 இடம் தருகிறது. ஆனால் வந்து சேர்ந்த 90 நாட்களுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். அப்பா காலமாகி இரண்டு மாதம் என்கிறீர்கள், அவகாசம் இன்னும் முடியவில்லை. அப்பாவோ தாத்தாவோ அறிவிக்கவில்லையே என்று பயந்து ஒளித்துவைக்காதீர்கள். நீங்களாக முன்வந்து எழுத்தில் அறிவிப்பதும், விசாரணையில் பிடிபடுவதும் ஒன்றல்ல. வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் வனத்துறையிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஆற்றில் வீசிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

தங்கைக்குக் கட்டாயம் பங்கு உண்டு. அவருக்கு மட்டுமல்ல. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அத்தை, சித்தப்பா இருந்தால் அவர்களும் வருகிறார்கள். அப்பாவின் பங்கில்தான் நீங்கள், தங்கை, அம்மா. எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அதற்கு முன், வாத்தியம் தாத்தாவுடையதா, கோயில் வாங்கிக் கொடுத்ததா என்பதையும் விசாரியுங்கள். அனசில் கோயில் பெயர் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். கோயிலுடையது என்றால் விற்கும் உரிமை குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்து விற்பது என்று முடிவானால், ரசீதில் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: "எங்கள் தாத்தா வாசித்த நாகஸ்வரம். உலவும் பித்தளை அனசும் மட்டும். செய்த காலம் எங்களுக்குத் தெரியாது. வாங்குபவர் நேரில் சோதித்து வாங்குகிறார்." தொல்லியல் துறையின் சான்று கிடைத்திருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.