வரப்பிலிருந்து தெரியாத புழு

புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கும் பெரம்பலூர், அரியலூர் கரிசல் காடுகளுக்கு 2018 மறக்க முடியாத ஆண்டு. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவில் தென்பட்ட அதே ஆண்டில் இங்கேயும் குருத்தைத் தின்றது. புழுவோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் ஊருக்குள் தங்கிவிட்டன.

நம்பிக்கை: வரப்பில் நின்று பார்த்தாலே புழு விழுந்தது தெரியும்.

உண்மை: அப்படித் தெரியும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும். தாய் அந்து முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடல் மயிரால் மூடிவிடும். பொரித்த குஞ்சுகள் பச்சையைச் சுரண்ட, இலையில் கண்ணாடித்தாள் போன்ற தடங்கள் விழும். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற எச்சத்துக்கு அடியில் பதுங்கும். தெளித்த மருந்து அங்கே எளிதில் எட்டாது. ஆகவே பயிர் முளைத்த முதல் வாரத்திலிருந்தே உள்ளே இறங்கி நடக்க வேண்டும். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து ஐந்து இடம், இடத்துக்கு இருபது செடி. குருத்தை விரித்தால், கவட்டையைத் தலைகீழாகப் பிடித்தது போல் புழுவின் தலையில் வெளிர்க்கோடு. வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. நூறு இளஞ்செடியில் ஐந்துக்குமேல் புதுச் சேதம் இருந்தால்தான் மருந்தைப் பற்றிய பேச்சே.

நம்பிக்கை: இலையில் ஓட்டை இருந்தால் அடித்துவிட வேண்டும்.

உண்மை: குருத்தில் கடித்த ஓட்டை, இலை விரிய விரியப் பெரிதாகும், கடித்த புழு போய்விட்டிருக்கலாம். உள்குருத்தில் ஈரமான எச்சம் உண்டா என்று பாருங்கள். வீணாக அடிக்கும் மருந்துக்குப் பணம் மட்டும் விலையல்ல. 2017இல் இதே பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அதை நினைக்காமல் என்னால் இந்தப் பத்தியை எழுத முடியவில்லை.

நம்பிக்கை: இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் வயலைப் பார்க்க வேண்டியதில்லை.

உண்மை: அதில் விழுவது ஆண் அந்து மட்டும். முட்டையிடும் பெண் வெளியேதான் இருக்கிறது. பொறி நிறைந்தால் உள்ளே போய்ப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நம்பிக்கை: செத்த புழுவால் என்ன பயன்?

உண்மை: மழை நாளில் வெண்பச்சைப் பூசணம் பூத்து, இலையில் விறைத்துக் கிடக்கும் புழுவைக் கண்டால் தெளிப்பானை இறக்கி வையுங்கள். அந்தப் பூசணம் மற்ற புழுக்களுக்கும் பரவும். நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள்.