ஒரு ராத்திரி, நான்கு சைக்கிள்

கேள்வி: பிள்ளைகளுக்கு 14, 16 வயது. நால்வரும் சைக்கிளில் கிளம்பி, ஒரு ராத்திரி வெளியூரில் தங்கித் திரும்ப ஆசை. எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாசலிலேயே வழி இருக்கிறதே! திருவையாறு, சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். சுமார் 45 கி.மீ.; மேடு என்று பெரிதாக எதுவும் இல்லை. திருவையாற்றுக்குள் நுழைவதற்குள்ளேயே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுவீர்கள். விடியலில் கிளம்பினால் அங்கே டிபன், கூடவே பாசிப்பருப்பு அசோகா. வெயில் ஏறுமுன் பாதி வழி முடிந்துவிடும்.

முதல் வேலை, சீட்டைச் சரிபார்ப்பது. இந்த வயதில் பிள்ளைகள் மளமளவென்று வளர்வார்கள், சீட் மட்டும் போன வருஷ உயரத்திலேயே நிற்கும். முட்டி வலிக்க அது போதும். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்பி எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டிலேயே பெரியவனோ பெரியவளோ பழகட்டும்.

வழி பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுங்கள். “அப்பா, லெஃப்ட்டு!” என்று அதட்டும் சுகத்துக்காகவே முனகாமல் மிதிப்பார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும்; அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

கூடாரமெல்லாம் வேண்டாம், ரூமே போதும். ஆனால் முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம். காலண்டரைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சைக்கிளை உள்ளே நிறுத்த விடுவார்களா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.