கைக்குழந்தைக்கு எந்தப் படுக்கை நல்லது?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்கு சித்தூரில் (பாலக்காடு) உள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மாத மகனோடு எஸ்டேட் லயத்துக்கு இப்போதுதான் திரும்பினேன். அங்கே தூளியிலேயே தூங்கிப் பழகிவிட்டான். இங்கே குளிருக்குப் பயந்து மாமியார் கம்பளியால் மூடி, கடுகுத் தலையணையும் வைக்கிறார். பால் புரையேறும் என்று சில நாள் குப்புறப் போடுகிறார். கணவர் பழைய மரத்தொட்டில் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். ராத்திரியில் குழந்தைக்கு மூச்சு நின்றதுபோல் தெரிகிறது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தே பொழுது விடிகிறது. எதில்தான் படுக்க வைப்பது? மூத்தவளுக்கு நான்கு வயது.
– ச.மீ., தேவிகுளம்

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா. இந்த வயதில் தூக்கத்தில் மூச்சு ஒரே சீராக இருக்காது. ஐந்து, பத்து விநாடி நின்று, பிறகு வேகமாக ஓடும். இது இடைவிட்ட சுவாசம் (மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு முதிரும்வரை இருப்பது). ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடல் துவண்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

குழந்தைக்குத் தலை பாரம், கழுத்துக்குப் பலம் குறைவு. மெத்தையிலோ கம்பளியிலோ முகம் புதைந்தால் தானாக விலக்கத் தெரியாது. வெளியே விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவதும் ஆபத்து. திடீர் சிசு மரணத்துக்கு (காரணம் பிடிபடாமல் தூக்கத்திலேயே நேரும் இறப்பு) குப்புறப் படுப்பது பெரிய காரணி. குழந்தைகளைக் குப்புறப் போட வேண்டாம் என்று 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்தியது. மல்லாக்கப் படுக்க வைக்கும் பழக்கம் பரவிய பின் அங்கே இந்த இறப்புகள் பாதிக்கும் கீழே வந்தன. மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், கக்கிய பால் அதற்குள் எளிதில் இறங்காது. மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மரத்தொட்டிலை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது. கீழே இறங்கும் பக்கச் சட்டம், ஆடும் ஆணி, உரியும் பெயின்ட் இருந்தால் அந்தத் தொட்டிலே வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், தென்னைநார் மெத்தை நல்லது. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழாமல் உடனே நிமிர வேண்டும். தொட்டில் தேறாவிட்டால் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து மேலே பாய் விரியுங்கள். அதுவே நல்ல படுக்கை. தலையணை, பொம்மை, போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டுமானால், தூங்கும்போது முகத்தை இடமும் வலமும் மாற்றி வையுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் கண்முன்னே சற்று நேரம் குப்புறப் போடுங்கள். கழுத்தில் கருப்புக் கயிறோ தாயத்தோ இருந்தால் அரைஞாணுக்கு மாற்றுங்கள்.

சித்தூரில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். உங்கள் பக்கத்திலோ ஜனவரியில் தேயிலை மீது உறைபனி படியும். அதனால் மாமியாரின் பயம் நியாயமானது. கம்பளிக்குப் பதில், நீங்கள் போடுவதைவிட ஒரு அடுக்கு ஆடை கூடுதலாகப் போடுங்கள். தூங்கும்போது குல்லா வேண்டாம். கை, கால் சில்லென்றிருப்பது இயல்பு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். மூடிய அறையில் கரிக் கணப்பு கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு (நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு) வீட்டில் உள்ள எல்லோரையும் கொன்றுவிடும்.

தூளியை அடியோடு விட வேண்டியதில்லை. அழுகை அடங்க, பகலில், உங்கள் கண்பார்வையில் ஆட்டலாம். தொட்டில் கம்பு போட்டுச் சேலையை விரித்து, முகம் வெளியே தெரியும்படி வையுங்கள். மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். ஆகவே தூங்கியதும் பாய்க்கு மாற்றிவிடுங்கள். குழந்தை புரளத் தொடங்கிய அன்றே தூளியை அவிழ்த்துவிடுங்கள். மூத்தவளையும் மறக்காதீர்கள். தூளியில் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கி இறந்த பிள்ளைகளைப் பற்றி செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்கிறோம். குழந்தையை எடுத்ததும் சேலையை அவளுக்கு எட்டாத உயரத்தில் முடிந்துவிடுங்கள்.

இரவில் குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனிப் பாயில் படுக்கட்டும். படுத்தபடி பால் கொடுத்தால், முடித்ததும் அவன் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். குடித்தவரோ புகைப்பவரோ அவனருகே படுக்கக் கூடாது.

இன்று ராத்திரியே கம்பளியையும் கடுகுத் தலையணையையும் எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். அடுத்த முறை ஆஷா பணியாளர் வரும்போது, மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கையைக் காட்டுங்கள். உங்களுக்கும் தூக்கம் வேண்டும் அம்மா. சோர்ந்த தாய் பால் கொடுத்தபடியே கண்ணயர்வதும் குழந்தைக்கு ஆபத்துதான். நடுராத்திரியில் ஒரு வேளை மாமியார் விழித்துப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.